பின்னால் மட்டும் போகும் வண்டி

முடிவெடுப்பது என்பது ஒரு தனித் துறை. அந்தத் துறையில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தற்போது உயிரோடு இருக்கும் ஒரே வல்லுநர் நான்தான். இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. மாவட்டத்தை நினைத்து வருத்தத்தோடு சொல்கிறேன். இங்கே கல்யாணத்தை ஜாதகம் முடிவு செய்கிறது, வாசலை வாஸ்து முடிவு செய்கிறது, பிள்ளைகளின் படிப்பைப் பக்கத்து வீட்டுக்காரர் முடிவு செய்கிறார். நான் புள்ளியியல் மூன்றாம் ஆண்டு. இரண்டு பொருளைக் கொண்டுவந்து என் எதிரே வையுங்கள். எது மேல் என்று கால் மணி நேரத்தில் சொல்லிவிடுவேன். சாமியைக் கேட்க மாட்டேன், சகுனம் பார்க்க மாட்டேன். பல்லி வந்து காதோடு சொன்னாலும், ஆதாரம் எங்கே என்று அதைத்தான் கேட்பேன்.

இந்த நிலையில்தான் எங்கள் வண்டி முன்னால் போக மறுத்தது.

எங்கள் வண்டி என்றால் அம்மாவின் வண்டி. அம்மா பெயர் தையல்நாயகி. தென்னேரியில் ஒரு அரசுப் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர். காலையில் அவள் போய்ப் பூட்டைத் திறந்தால்தான் அரிசியும் பருப்பும் வெளியே வரும், அடுப்பு எரியும். குழந்தையாக இருந்தபோது போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டையும் தோல்வாரும் வைத்த காலிப்பரை மாட்டிக்கொண்டு, கையில் தடியோடு நடப்பாள். அந்தக் காலால் கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால் கிளட்சே இல்லாத ஆட்டோமேட்டிக் கார். எங்களுக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டிச் சலித்த சின்னக் கார்தான். ஆனால் வலது கால் ஒன்றே போதும்.

கார் வருவதற்கு முன்னால் அம்மாவின் அண்ணன் சபாபதி மாமாதான் அவளை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் விடுவார். மாமா நல்லவர். வழியில் தெரிந்த முகம் எது வந்தாலும் வண்டியை நிறுத்தி, "நான் ஒருத்தன் இல்லன்னா எந்தங்கச்சி கதி இன்னாபா?" என்று கேட்காமல் இருக்க மாட்டார், அவ்வளவுதான். ரங்கசாமி குளம் முதல் வாலாஜாபாத் வரை இந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அம்மா பதிலாகத்தான் லைசென்ஸ் எடுத்தாள்.

காலாண்டு விடுமுறை விட்ட அன்று நானும் துணைக்குப் போயிருந்தேன். திரும்பும்போது ஐயம்பேட்டையில் ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே வர, அம்மா பிரேக் போட்டாள். மறுபடி கிளப்பினாள். எஞ்சின் உறுமியது, வண்டி நின்ற இடத்தில் நின்றது. கியரை முன்னால் போகும் 'டி'யிலிருந்து எடுத்து மறுபடி 'டி'யிலேயே போட்டாள். உறுமல் இன்னும் பெரிதானது. பின்னால் ஒரு பஸ்காரர் எங்கள் பரம்பரையை ஹார்னில் விசாரிக்க ஆரம்பித்தார். அவர் ஒதுங்கிக் கடந்துபோனதும் அம்மா கியரை 'ஆர்'இல் போட்டாள். வண்டி சமர்த்தாகப் பின்னால் போயிற்று.

அப்படியே பின்னோக்கியே ஓட்டி, கழுத்தைத் திருப்பியபடி, சாலையோரப் புளியமரம் வரை கொண்டுபோய் நிறுத்தினாள். டீக்கடையில் ஒருவர் எழுந்து நின்று உதவி செய்தார்.

"யக்கா, காஞ்சிபுரம் அந்தப் பக்கம்!"

"எனக்குத் தெரியும்பா," என்றாள் அம்மா சன்னல் வழியாக. "வண்டிக்குத்தான் தெரியல."

சிரிப்பு அடங்கிய பிறகு பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் விரல்கள் அதை விடவே இல்லை.

ஒரிக்கை பக்கம் ஜான்சன் என்பவரின் ஷெட்டுக்கு வண்டியைக் கட்டி இழுத்துப் போனோம். அவர் அடியில் படுத்து, கியர் பெட்டியின் ஆயிலைக் கொஞ்சம் ஒரு தட்டில் பிடித்து என் மூக்குக்குக் கீழே நீட்டினார். தோசைக்கல்லில் மறந்துவிட்ட தோசையின் வாசனை.

"முன்னாடி போறதுக்குன்னு உள்ள ஒரு செட்டு பிளேட்டு இருக்குது. அது எரிஞ்சி போச்சு. பின்னாடி போறது வேற செட்டு, அது நல்லா இருக்குது. அதான் இப்படி."

"இப்ப இன்னா பண்ணணும்ணா?" என்று அம்மா கேட்டாள்.

"ரெண்டு வழி இருக்குதும்மா. ஒண்ணு, இதே பெட்டிய நான் எறக்கிப் பிரிச்சி, எரிஞ்ச பிளேட்டு, போன சீலு, தேஞ்ச பேரிங்கு, எது எது போச்சோ அத மாத்தி மூடித் தரேன். ரீபில்ட்டும்பாங்க. உங்க பெட்டி உங்களுக்கே வரும். இன்னொண்ணு ரீமேனுபேக்சர்ட். மெட்ராஸ்ல டீலர்கிட்ட சொல்லி வாங்கணும். அது யாரோ ஒருத்தரு வண்டில இருந்து கழட்டின பெட்டி. பேக்டரில ஒரு ஆணி விடாம பிரிச்சி, தேஞ்சது, தேயப்போறது, அல்லாத்தையும் புதுசா போட்டு, மிஷின்ல வெச்சி ஓட்டிப் பாத்து அனுப்புவான். வெலையும் கூட. உங்க பெட்டிய அவன் எடுத்துக்குவான்."

"எது நல்லது?" என்றேன்.

"ரெண்டும் நல்லதுதான்."

"ரொம்ப நல்லது எது?"

"ரொம்ப நல்லதுன்னா புது வண்டிபா."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டே கொஞ்சம் இறங்கி வந்தார். "நான் செஞ்சா ஸ்கூல் தெறக்கறதுக்குள்ள குடுத்துடுவேன். அதுக்குக் கையெழுத்துப் போடறேன். ஆனா நான் மாத்தாம விட்ட பார்ட்டு நாளைக்குப் போவாதுன்னு கையெழுத்துப் போட மாட்டேன். அவன் ஒரு வருசம் வாரண்டின்னு கையெழுத்துப் போடுவான். எப்ப வரும்னு போட மாட்டான்."

ஒருவர் நேரத்துக்குப் பொறுப்பு. ஒருவர் பொருளுக்குப் பொறுப்பு. இரண்டுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்கும் மனிதர் இந்த வட்டாரத்தில் இல்லை. எங்களிடமோ ஒரு பெட்டிக்குத்தான் வசதி. தப்பாகிவிட்டால் மறுபடி ஒரு தடவை முயன்று பார்க்கலாம் என்பது கிடையாது.

வீட்டில் நைனா, என் அப்பா, தறியில் இருந்தார். அரக்கு உடல், பச்சைக் கரை. ஏதோ ஒரு பெண்ணின் முகூர்த்தப் புடவை. நாங்கள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, குறுக்கு இழை ஓடும் நாடாவை நிறுத்தி, உலகத்திலேயே இயல்பான வாக்கியத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்:

"தெருமுன புள்ளையார கேட்டுடலாம்."

இதை விளக்க வேண்டும். மற்ற ஊர்களில் வெள்ளைப்பூ, சிவப்புப்பூ கட்டிச் சாமியைக் கேட்பார்கள். எங்கள் தெரு பட்டுத் தெரு. பூவுக்குப் பதில் இழை. தறியடியில் விழும் வெட்டு இழையில் இரண்டு நிறம் எடுப்பது. இந்த நிறம் வந்தால் இப்படி, அந்த நிறம் வந்தால் அப்படி என்று பிள்ளையாரிடம் சொல்வது. இரண்டையும் தனித்தனி வெற்றிலையில் மடித்துக் கட்டி, மடியில் போட்டுக் குலுக்கி, அவர் காலடியில் வைப்பது. கேள்வி தெரியாத ஒருவர் வந்து ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்ததைப் பிரித்துப் பார்க்கலாம். எடுக்காததைப் பிரிக்கவே கூடாது. அப்படியே தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

இதைப் பற்றி நான் ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டிருந்தேன். எனக்கு இன்ஸ்டாகிராமில் 'காஞ்சி நடுநிலை' என்று ஒரு பக்கம் உண்டு. சபாபதி மாமா போர்வெல் முன்பக்கம் போடுவதா பின்பக்கம் போடுவதா என்று இழை கேட்டதும், பிரித்த இழையை அவர் கத்திரிப்பூ என்றதும், நைனா அது வெங்காயத்தோல் என்றதும், சூரிய வெளிச்சத்தில் ஒருமுறை, டியூப்லைட்டில் ஒருமுறை பார்த்தும் தீராமல் தெருவே இரண்டு கட்சியானதும் செய்தியாக வந்தது. 'கடவுள் பதில் சொல்லிவிட்டார். நிறம் தெரியவில்லை' என்பது தலைப்பு. மாமா வீட்டுக்கு இன்றுவரை தண்ணீர் லாரியில் வருகிறது. அறிக்கையின் முடிவுரையில் விஞ்ஞான நோக்கில் ஒரு கருத்தும் சொல்லியிருந்தேன்: எடுக்காத பொட்டலத்தை ஏன் பிரிக்கக் கூடாது? ஏனென்றால் இரண்டிலும் ஒரே நிறம்தான் இருக்கும்.

கல்லூரி முழுவதும் பகிர்ந்தார்கள். மாமா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அது தனிப் பரிசு. அம்மா மட்டும் போனை வாங்கிக் கடைசி வரி வரை படித்துவிட்டு, "நல்லா எழுதிக்கிறே," என்று திருப்பிக் கொடுத்தாள்.

இப்போது நைனா பிள்ளையார் என்றதும் அவள் காலிப்பரின் வாரை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்:

"வேணாம். இவன் சிரிப்பான். இவனே சொல்லட்டும்."

"நானா?"

"நீதானப்பா. படிக்கிற இல்ல? புள்ளையாரு வேலைய நீதான் புடுங்கிட்ட. இப்ப நீயே பாரு."

கோபம் துளியும் இல்லாமல் சொன்னாள். அதனால்தான் மறுக்க வழியில்லாமல் போயிற்று.

அன்று மாலையே சபாபதி மாமா வந்தார். தங்கைக்கு ஆறுதல் சொல்ல வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லி முடித்துவிட்டார்.

"வண்டிய வந்த வெலைக்குத் தள்ளிடு தையலு. எனக்கும் முட்டி தேஞ்சி போச்சு, முன்ன மாதிரி ஏத்திக்கினு போவ முடியாது. இன்னாத்துக்கு இந்த அலைச்சலு? வேலைய எழுதிக் குடுத்துட்டு வூட்ல குந்தி மச்சானுக்குத் தார் சுத்து. கஞ்சிக்கா பஞ்சம்?"

தார் சுற்றுவது என்றால், ராட்டையின் முன்னால் உட்கார்ந்து ஊடைக்கு நூல் சுற்றிக் கொடுப்பது. கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அம்மா அதைத்தான் செய்துகொண்டிருந்தாள், சத்துணவு வேலை கிடைக்கும் வரை. அந்த மூலையில் இருந்து தெரு தெரியாது. எதிர்ச் சுவர் தெரியும்.

"ஒரு தடவ பாக்கறேண்ணா," என்றாள். "இந்தத் தடவ சரியா வரலன்னா சாவியக் குடுத்துடறேன்."

இடுப்பில் செருகியிருந்த சத்துணவு அறைச் சாவியைத் தொட்டுக்கொண்டுதான் சொன்னாள். மாமாவுக்குத் திருப்தி. காபி குடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இன்னா சார், கடவுள் கலர் சொல்லிட்டாரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் வேலையைத் தொடங்கினேன். முதலில் வீடியோக்கள். தாடி வைத்த ஒரு வெளிநாட்டுக்காரர், ரீபில்ட் என்பது ஏமாற்று வேலை என்று கண்கலங்கச் சொன்னார். அவருக்குப் பின்னால் விற்பனைக்கு ரீமேனுபேக்சர்ட் பெட்டிகள் அடுக்கியிருந்தன. தாடி வைக்காத இன்னொருவர், ஃபேக்டரிப் பெட்டி என்பது முகம் தெரியாதவன் பாவத்தை நாம் சுமப்பது என்றார். அவருக்குப் பின்னால் ஒரு ஸ்பேனர் மாட்டியிருந்தது. நடுவில் நிற்கும் ஒருவரைத் தேடினேன். அப்படி ஒருவர் வீடியோ போடுவதில்லை.

அடுத்தது புள்ளிவிவரம். ஜான்சனிடமே போய், நீங்கள் பிரித்து மூடிய ஆட்டோமேட்டிக் பெட்டிகளில் எத்தனை ஒரு வருடம் தாண்டி ஓடின என்று கேட்டேன். மனிதர் நேர்மையாக யோசித்தார்.

"ரிப்பேருன்னு திரும்பி வந்தது ரெண்டு மூணு இருக்கும்பா."

"மத்தவங்க?"

"வரல. நல்லா ஓட்டிக்கினு இருக்காங்களா, இல்ல என்னத் திட்டிக்கினு வேற ஷெட்டுக்குப் போயிட்டாங்களா, அது எனக்கு எப்படித் தெரியும்?"

சென்னை டீலரிடம் பேசினேன். ஃபோன் எடுத்தவர் முரளீதரன் என்றார். ஊரைச் சொன்னதும் குரலில் நெய் ஊற்றியதுபோல ஆயிற்று.

"அடடே, நான் சின்ன காஞ்சிபுரம் சார். சன்னதித் தெரு பக்கத்துல. ஊர்க்காராகிட்ட பொய் சொல்வேனா? பெட்டி வந்துண்டே இருக்கு."

"எங்கேர்ந்து சார் வருது?"

"அது தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

"ஸ்கூல் திறக்கறதுக்குள்ள வந்துடுமா?"

"வரலாம்."

"வராமலும் போகலாமா?"

"போகலாம். அதையும் உங்ககிட்ட மறைக்க விரும்பலை."

இரண்டு கட்டம் போட்டு, சாத்தியங்களை எழுதி, எடை கொடுத்து, பெருக்கிக் கூட்டினேன். ஜான்சன் வந்தார். எடையைக் கொஞ்சம் மாற்றினேன். சென்னை வந்தது. எந்த எடையைப் போட்டால் எது வரும் என்பது எனக்கு மிகத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. எந்த எடையைப் போடுவது என்பதுதான் தெரியவில்லை. கால் மணி நேர வல்லுநருக்கு விடுமுறையில் பாதி போய்விட்டது.

வெட்கத்தை விட்டு அம்மாவிடமே கேட்டேன். "உனக்கு எது தோணுதும்மா?"

அவள் காலிப்பரின் வாருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

"போன வருசம் முகாம்ல புதுசு ஒண்ணு குடுத்தாங்க இல்ல, பளபளன்னு. நல்ல சாமான்தான். எவ கால் அளவுக்கு செஞ்சாங்களோ, எனக்குத் தொடையில புண்ணாச்சு. பரண்ல கெடக்குது. இது பழசு. வாரு மாத்துறேன், ஆணி மாத்துறேன், ஓடிக்கினு இருக்குது."

"நான் கியர் பெட்டியப் பத்திக் கேட்டேன்மா."

"நானும் சும்மாதான் சொன்னேன்."

இதில் பயன்படுத்தத்தக்க தரவு எதுவும் இல்லை என்று முடிவு செய்து, கட்டங்களுக்குத் திரும்பினேன்.

வியாழக்கிழமை காலை அம்மா, கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று ஆட்டோவில் கிளம்பினாள். கோயிலுக்குப் போகிறவள் சாவியை எதற்கு இடுப்பில் செருகிக்கொள்கிறாள்? நான் சைக்கிளில் பின்னாலேயே போனேன். ஆட்டோ காமாட்சியம்மன் கோயிலைத் தாண்டி, பஸ் நிலையத்தில் போய் நின்றது.

அவள் தென்னேரிப் பக்கம் போகும் வாலாஜாபாத் பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றாள். பஸ் வந்தது. கூட்டம் இறங்குவதற்குள் இன்னொரு கூட்டம் ஏறியது. அம்மா கம்பியைப் பிடித்தாள், தடியை மேல்படியில் ஊன்றினாள், வலது காலை வைத்தாள். இடது கால் வரவில்லை. கண்டக்டர், "ஏறும்மா, ஏறும்மா, இல்லன்னா எறங்கும்மா," என்றார். அவர் மேலும் தப்பில்லை. பின்னால் ஆள் இருந்தது. அம்மா இறங்கினாள். அடுத்த பஸ்ஸுக்கு ஓரமாக நின்றாள். அதுவும் வந்தது, அதுவும் போனது. யாரோ ஒரு கல்லூரிப் பெண் கை கொடுத்தாள். அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்தாள். ஒருநாள் கை கிடைக்கும், தினமும் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

நான் ஒரு பழக்கடைத் தள்ளுவண்டிக்குப் பின்னால் நின்றிருந்தேன். எதைப் பார்த்தாலும் எனக்கு ஒரு தலைப்பு தோன்றிவிடும். அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அம்மா வீட்டுக்கு வந்ததும், "கோயில்ல ரொம்பக் கூட்டம்," என்றாள். "சாமி தெரிஞ்சுதா?" என்று நைனா கேட்டார். "தூரத்துலேர்ந்து பாத்தேன்," என்றாள்.

அன்று மத்தியானம் ஜான்சன் ஃபோன் செய்தார். திருவண்ணாமலைக்காரர் ஒருவரின் வேன் வருகிறதாம்; நாளைக் காலைக்குள் சொல்லாவிட்டால் எங்கள் வண்டியை வெளியே தள்ளிவிட்டு அதை ஏற்றிவிடுவாராம். அவர் ஃபோனை வைத்ததும் முரளீதரன் அழைத்தார்: பெட்டி கிளம்பிவிட்டதுபோலத் தெரிகிறது, ஆனால் காஞ்சிபுரத்துக்கு ஒன்று, வேலூருக்கு ஒன்று கேட்டிருக்கிறார்கள், வருவது ஒன்றுதான், நாளைக் காலை உறுதி சொன்னால் நமக்கு.

மறுநாள் விடிந்து, தெரு தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு முடித்த நேரம். நைனா குளிக்கப் போயிருந்தார். தறியடியில் குனிந்து ஒரு அரக்கு இழை, ஒரு பச்சை இழை எடுத்துக்கொண்டேன். நிறத் தகராறு வராதபடி தெளிவான இரண்டு நிறங்களைத் தேர்ந்ததில் மட்டும் என் படிப்பு பயன்பட்டது. தெருமுனைக் கடையில் வெற்றிலை வாங்கினேன். பிள்ளையார் முன்னால் யாரும் இல்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டேன், வெயிலுக்காக அல்ல.

"அரக்கு வந்தா ஜான்சன்," என்றேன் மெதுவாக. "பச்சை வந்தா மெட்ராஸ்." பிறகு, அவர் பழைய விஷயத்தை நினைவு வைத்திருப்பாரோ என்று, "அந்தப் போஸ்ட்டை எடுத்துடறேன்," என்று சேர்த்துக்கொண்டேன்.

வெற்றிலையை மடித்துக் கட்டப் பார்த்தேன். முடிச்சு நிற்கவில்லை. நெசவுக்காரன் வீட்டில் பிறந்து முடிச்சுப் போடத் தெரியாதவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வெற்றிலை விரிந்து பச்சை இழை வெளியே எட்டிப் பார்த்தது.

"குடு இங்க."

அம்மா. கல்தரையில் காலிப்பர் எழுப்பும் சத்தத்தை வைத்தே அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்கு எப்போதும் தெரியும். அன்று எப்போது வந்தாள், எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

"இன்னா கேக்கற?"

"காலேஜ் விசயம்மா."

"ம்."

படியில் உட்கார்ந்து, இழைகளையும் வெற்றிலைகளையும் வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, முந்தானையால் மூடி உள்ளேயே மடித்துக் கட்டிக் குலுக்கினாள். பார்க்கக் கூடாது என்பது முறை. நான் பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பொட்டலங்களும் பாத்திரக்கடையில் வாங்கியதுபோல ஒரே அச்சாக வந்து அவர் காலடியில் உட்கார்ந்தன.

"எடுக்கறதுக்கு ஆள் வேணுமே," என்றேன்.

அம்மா தெருவைப் பார்த்தாள். சபாபதி மாமா பால் வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"அம்மா, அவர் வேணாம்."

"ண்ணா!" என்று அவள் கூப்பிட்டேவிட்டாள். "செத்த இங்க வந்துட்டுப் போ. இதுல ஒண்ணு எடு."

மாமா வந்தார். பிள்ளையாரைப் பார்த்தார், வெற்றிலையைப் பார்த்தார், என் தலையிலிருந்த துண்டைப் பார்த்தார். அவர் முகத்தில் பரவிய ஆனந்தத்தை நான் ஆயுளுக்கும் மறக்கமாட்டேன்.

"யார்பா கேக்கறது? சயின்ஸா?"

"எடு மாமா."

"கேள்வி இன்னா?"

"சொல்லக் கூடாதே," என்றாள் அம்மா. "உனக்குத் தெரியாத மொறையா?"

மாமா பால் தூக்கைக் கீழே வைத்து, கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, இடது பக்கப் பொட்டலத்தை எடுத்தார். அவரே பிரித்தார். அரக்கு.

"அரக்குதானே?" என்றேன்.

"அரக்கேதான். கண்ணு தெரியலயா?" என்றவர், "இப்ப சொல்லு, இன்னா கேட்டீங்க?" என்றார்.

"வண்டிய ஜான்சன்கிட்டயே குடுத்து சரி பண்ணச் சொல்லி உத்தரவாயிடிச்சி," என்றாள் அம்மா. "உன் கையாலதான் வந்திருக்குது. இனிமே அத விக்கிறதப் பத்திப் பேசாதண்ணா. தெய்வக்குத்தம்."

நான் காலேஜ் விஷயம் என்று சொன்னவன் என்பதை அப்போது அங்கிருந்த யாரும் நினைவுபடுத்தவில்லை. மாமா கையிலிருந்த அரக்கு இழையைப் பார்த்தார். பிள்ளையாரைப் பார்த்தார். பால் தூக்கை எடுத்துக்கொண்டு போனவர், நாலு வீடு தள்ளி ஒருமுறை நின்று தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

அம்மா தடியை ஊன்றி எழுந்தாள். காலிப்பரின் கொக்கியில் ஒரு பச்சை இழை சிக்கியிருந்தது. நான் கொடுத்த இழையாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அந்த மாதம் பச்சைக் கரை ஓடிக்கொண்டிருந்தது. தலையணையிலும் தயிரிலும்கூடப் பச்சை இழை கிடந்தது. ஆகவே அது எதையும் நிரூபிக்காது. எடுக்காத பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"தண்ணில விட்டுடு."

ஜான்சனை அழைத்தேன். "பிரிச்சிடுங்கண்ணா. ரீபில்ட்."

"எப்படிபா முடிவு பண்ண?"

"கணக்குப் போட்டுப் பாத்தேன்."

"படிச்ச புள்ளைங்கன்னா படிச்ச புள்ளைங்கதான்," என்றார் அவர்.

திங்கட்கிழமை பள்ளி திறந்தது. ஜான்சன் சொன்னபடி முந்தின நாளே வண்டியைக் கொடுத்திருந்தார். கொடுக்கும்போது, "கொஞ்ச நாள் ஓடட்டும், அப்புறந்தான் எதுவும் சொல்ல முடியும்," என்று ஒரு வாக்கியத்தையும் இலவசமாகக் கொடுத்திருந்தார். காலையில் அம்மா ஏறி உட்கார்ந்தாள். நான் பக்கத்தில். நைனா வாசலில். எதிர் வரிசையில் மாமா, எதேச்சையாக நிற்பவர்போல.

அம்மா கியரை 'டி'யில் போட்டாள். வண்டி நகரவில்லை.

ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். அந்த ஒரு மூச்சில் பஸ் படியும், ராட்டையும், எதிர்ச் சுவரும் வந்து போயின. என் கை சட்டைப் பையில் இருந்தது; பையில் நான் இன்னும் தண்ணீரில் விடாத பொட்டலம் இருந்தது. உள்ளே எதுவோ பிடித்துக்கொள்வதுபோல ஒரு சின்னக் குலுக்கல். வண்டி முன்னால் போயிற்று.

ஐயம்பேட்டை டீக்கடையில் அதே ஆள் எழுந்து நின்றார். "யக்கா, வண்டிக்கு வழி தெரிஞ்சிடிச்சா!" அம்மா ஹார்ன் அடித்தாள். ஊர் தாண்டும்வரை அடித்தாள்.

தென்னேரியில் இறங்கிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டவள், "உள்ள வரியா?" என்றாள்.

"ஏரியப் பாத்துட்டு வரேன்மா."

"செருப்பக் கழட்டிட்டு எறங்கு," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது.

ஏரிக்கரையில் செருப்பைக் கழற்றினேன். பொட்டலத்தை வெளியே எடுத்தேன். வெற்றிலை கறுத்து மெத்தென்று ஆகியிருந்தது. முடிச்சு மட்டும் அப்படியே இறுக்கமாக இருந்தது. ஒரு நகம் போதும். உள்ளே பச்சை என்றால் பிள்ளையார் சொன்னது. அரக்கு என்றால் அம்மா சொன்னது. என் அறிக்கையின் முடிவுரைக்கு மாவட்டத்திலேயே முதல்முறையாக ஓர் ஆதாரம் கிடைத்துவிடும்.

சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. குனிந்து, பிரிக்காமல், தண்ணீரில் விட்டேன்.